வயிற்று வழியா, இரத்த வழியா? தாய்லாந்தின் டயாலிசிஸ் முடிவு: ஒரு நிகழ்வு ஆய்வு

தாய்லாந்து அரசு 2007-ல் ஒரு முடிவு எடுத்தது. சிறுநீரகம் முற்றிலும் செயலிழந்த ஏழைகளுக்கும் டயாலிசிஸ் செலவை அரசே ஏற்கும் என்பது அந்த முடிவு. அதற்கு முன்பு நடந்த பொருளாதார ஆய்வோ, இந்தச் சிகிச்சை செலவுக்கேற்ற பலன் தராது என்று சொல்லியிருந்தது. ஆய்வு ஒன்று சொல்ல அரசு வேறொன்று செய்தது என்றுதான் பலரும் இதைச் சுருக்குவார்கள். ஆவணங்களைப் படித்தபின் எனக்கு அப்படித் தோன்றவில்லை. 2001 முதல் 2025 வரை நடந்ததை வரிசையாக இங்கே பதிகிறேன். இதில் வரும் அமைச்சர், ஆய்வாளர், நோயாளர் யாரையும் பெயர் சொல்லிக் குறிப்பிடவில்லை.

பின்னணி: மூன்று திட்டம், ஒரே நோய்

தாய்லாந்தில் மூன்று பொது மருத்துவத் திட்டங்கள் உண்டு. அரசு ஊழியருக்கும் அவர்கள் குடும்பத்துக்கும் ஒன்று. தனியார் நிறுவனத் தொழிலாளருக்குச் சமூகப் பாதுகாப்புத் திட்டம் ஒன்று. இவை இரண்டிலும் சேராத விவசாயி, கூலியாள், தள்ளுவண்டிக்காரர், முதியவர், குழந்தை எல்லாருக்குமாக 2001-ல் தொடங்கியது மூன்றாவது திட்டம். ஒவ்வொரு முறை மருத்துவமனைக்குப் போகும்போதும் 30 பாட் (பாட் தாய்லாந்தின் நாணயம்) கொடுத்தால் போதும் என்றிருந்ததால் ‘30 பாட் திட்டம்’ என்றே அது ஊரறிந்தது. 2002 நவம்பரில் அதற்குத் தனிச் சட்டமும் வந்தது. மக்கள்தொகையில் முக்கால் பங்கு இதில்தான் அடக்கம்.

முதல் ஆண்டில் ஆளுக்கு ஒதுக்கிய தொகை 1,202 பாட். வெளிநோயாளி, உள்நோயாளி, பிரசவம், தடுப்பூசி எல்லாம் அதற்குள்தான். அதனால் சில சிகிச்சைகளைப் பட்டியலுக்கு வெளியே வைத்தார்கள். எச்.ஐ.வி. கூட்டு மருந்தும் டயாலிசிஸும் அவற்றில் இருந்தன. எச்.ஐ.வி. மருந்துக்கு நோயாளர் இயக்கம் வலுவாகக் குரல் கொடுத்தது; உள்நாட்டிலேயே மருந்து தயாரானதில் விலையும் இறங்கியது; சில ஆண்டுகளில் அது திட்டத்துக்குள் வந்துவிட்டது. டயாலிசிஸ் மட்டும் வெளியே நின்றது.

ஏன் என்று பார்க்கப் பெரிய கணக்கு வேண்டாம். இரத்தத்தை வெளியே எடுத்து இயந்திரத்தில் சுத்தம் செய்யும் இரத்த டயாலிசிஸ் ஒரு முறைக்கு ஏறத்தாழ 1,500 முதல் 2,000 பாட். வாரம் இருமுறை, குறைந்த விலை என்றே வைத்தாலும் ஆண்டுக்கு 1,56,000 பாட். ஒரு நோயாளிக்குக் கொடுத்தால் 130 பேரின் ஒதுக்கீடு தீர்ந்துவிடும். மருந்து, ஊசி, இரத்தக் குழாய் அறுவை, உள்நோயாளிச் செலவு இந்தக் கணக்கில் சேரவில்லை.

கண்டது என்ன

அரசு ஊழியர் திட்டமும் தொழிலாளர் திட்டமும் டயாலிசிஸுக்குப் பணம் கொடுத்தன. ஒரே மாவட்ட மருத்துவமனையில், ஒரே கிரியேட்டினின் அளவோடு (சிறுநீரகப் பழுதைக் காட்டும் இரத்தக் கழிவின் அளவு) இரண்டு பேர் வந்தால், அரசுப் பள்ளி ஆசிரியரின் தாயாருக்குச் சிகிச்சை தொடரும். நெல் விவசாயியின் தாயார் வீட்டுக்குத் திரும்புவார். திரும்பிப் போகாமல் கைக்காசு போட்டுத் தொடங்கிய குடும்பங்கள் சேமிப்பைக் கரைத்தன, நிலத்தை விற்றன, கடன் வாங்கின. பணம் தீர்ந்ததும் வாரம் இருமுறை என்பது ஒருமுறையாகும். பிறகு அதுவும் நிற்கும். கடன் மிஞ்சும், ஆள் மிஞ்சமாட்டார். மருத்துவச் செலவால் குடும்பங்கள் வறுமைக்குள் விழுவதைத் தடுக்கவே உண்டான திட்டம், ஒரு குடும்பத்தை விரைவாக விழவைக்கும் நோயை மட்டும் விட்டுவைத்திருந்தது.

ஒரே அரசு மூன்று வகைக் குடிமக்களுக்கு மூன்று வகை உயிர்விலை வைக்கலாமா என்று நோயாளர் சங்கத்தார் கேட்ட கேள்விக்கு நிதித்துறையிடம் பதில் இல்லை. ‘அனைவருக்கும் என்றால் கட்டுப்படியாகுமா’ என்று நிதித்துறை திருப்பிக் கேட்டதற்குச் சங்கத்தாரிடமும் பதில் இல்லை. இந்த இடத்தில்தான் ஆய்வாளர்கள் உள்ளே வருகிறார்கள்.

ஆய்வு சொன்னது

சுகாதார அமைச்சகத்தோடு நெருங்கி இயங்கிய தாய் ஆய்வாளர்கள் மூன்று வழிகளை ஒப்பிட்டார்கள்: டயாலிசிஸ் இல்லாமல் துன்பம் தணிக்கும் பராமரிப்பு மட்டும், வயிற்றுக்குள் கரைசலை விட்டு எடுத்துக் கழிவை வெளியேற்றும் வயிற்று வழி டயாலிசிஸில் தொடங்குவது, இரத்த வழி டயாலிசிஸில் தொடங்குவது. அளவுகோல் ‘குவாலி’. நல்ல உடல்நிலையில் கழியும் ஓர் ஆண்டு ஒரு முழு குவாலி. படுத்தும் சோர்ந்தும் கழியும் ஆண்டு அதில் ஒரு பகுதி. ஒரு குவாலியைக் கூடுதலாகப் பெற எவ்வளவு செலவாகிறது என்பதே கேள்வி.

2007-ல் வெளிவந்த விடை: வயிற்று வழியில் தொடங்கினால் ஒரு குவாலிக்கு 6,72,000 பாட், இரத்த வழியில் 8,06,000 பாட். அன்றைய தாய்லாந்தின் தலா உற்பத்தி ஆண்டுக்கு 1,30,000 பாட் அளவில் இருந்தது. மலிவான வழியே அதைப் போல ஐந்து மடங்கு. தலா உற்பத்தியைப் போல மூன்று மடங்கைத் தாண்டினால் செலவுக்கேற்ற பலன் இல்லை என்பது அன்று உலக அளவில் புழங்கிய கைக்கணக்கு. தாய்லாந்து சற்றுப் பிந்தித் தனக்கென வைத்துக்கொண்ட வரம்பு இன்னும் கடுமையானது: முதலில் 1,00,000 பாட், பிறகு படிப்படியாக 1,60,000. எந்த அளவுகோலில் வைத்தாலும் டயாலிசிஸ் தேறவில்லை.

இந்த ஆய்வில் நான் மதிப்பது இரண்டு விஷயங்களை. ஒன்று, மருத்துவமனையின் செலவோடு அது நிற்கவில்லை. நோயாளியின் பயணம், கூட வருபவர், வீட்டுச் செலவு எல்லாவற்றையும் சமூகத்தின் செலவாகச் சேர்த்தது. மற்றொன்று, அது ‘கூடாது’ என்று மட்டும் சொல்லிவிட்டு எழுந்துபோகவில்லை. கொடுத்தே ஆக வேண்டுமென்றால் எது குறைந்த கெடுதல் என்பதும் அதே அட்டவணையில் இருந்தது. இளவயதினருக்கு முதியவரைவிடக் கூடுதல் பலன் கிடைப்பதும் அதில் தெரிந்தது.

நிதியின் நீண்டகாலக் கணக்கும் பேசப்பட்டது. டயாலிசிஸ் ஒருமுறை செய்து முடியும் அறுவை போன்றதல்ல. இந்த ஆண்டு சேர்ந்தவர் அடுத்த ஆண்டும் இருப்பார்; அவரோடு புதியவர்களும் சேர்வார்கள். சிகிச்சை எவ்வளவு நன்றாக நடக்கிறதோ அவ்வளவுக்குச் செலவு ஏறும்.

முடிவும் அதன் காரணங்களும்

2006 செப்டம்பர் ராணுவப் புரட்சிக்குப் பின் வந்த இடைக்கால அரசு அது. சுகாதார அமைச்சர் ஒரு மருத்துவர். எச்.ஐ.வி. மருந்துக்குக் கட்டாய உரிமம் (காப்புரிமையாளரின் அனுமதியின்றித் தயாரிக்கவோ வாங்கவோ அரசு தரும் உரிமை) பிறப்பித்து அதற்குள் உலகச் செய்தியில் இடம்பிடித்தவர். 2007 அக்டோபர் 30 அன்று அமைச்சரவை ஒப்புதல் கொடுத்தது. 2008 ஜனவரி முதல் 30 பாட் திட்டத்தில் சிறுநீரக மாற்றுச் சிகிச்சை (டயாலிசிஸும் மாற்று அறுவையும்) சேர்ந்தது.

எதை ஏற்றார்கள், எதை ஒதுக்கினார்கள் என்பதைப் பிரித்துப் பார்க்க வேண்டும். ‘கொடுக்கலாமா’ என்ற கேள்விக்கு ஆய்வின் விடையை ஒதுக்கினார்கள். மற்ற இரு திட்டத்தாருக்குக் கிடைப்பது இவர்களுக்கு மட்டும் ஏன் இல்லை என்ற நியாயமும், குடும்பங்கள் நொடித்துப்போவதும் குவாலி என்ற அளவுகோலுக்குள் அடங்காதவை. அவற்றுக்கு முன்னுரிமை கொடுத்தார்கள். ‘எப்படிக் கொடுப்பது’ என்ற கேள்விக்கு ஆய்வின் விடையை அப்படியே எடுத்துக்கொண்டார்கள். முதலில் வயிற்று வழிதான். உடல்நிலையால் அது முடியாதவருக்கு மட்டும் இரத்த வழிக்கு அரசு பணம் கொடுக்கும். முடிந்தும் விரும்பாமல் இரத்த வழிக்குப் போகிறவர் தன் காசில் போக வேண்டும்.

விலை மட்டும் இதற்குக் காரணமில்லை. இரத்த டயாலிசிஸ் நிலையம் ஒன்று திறக்க இயந்திரம் வேண்டும், தண்ணீர்ச் சுத்திகரிப்பு ஆலை வேண்டும், பயிற்சி பெற்ற செவிலியர் வேண்டும். இவை பாங்காக்கிலும் பெருநகரங்களிலும் குவிந்திருந்தன. அன்றைக்கே எல்லாருக்கும் இரத்த வழி என்று அறிவித்திருந்தால், சட்டத்தில் உரிமை கிடைத்திருக்கும், வடகிழக்குக் கிராமத்துக்காரருக்குக் கிடைத்திருப்பது பேருந்துப் பயணம் மட்டுமே. வயிற்று வழி என்றால் வயிற்றில் ஒரு மெல்லிய குழாய் பொருத்தி, கரைசலைக் கையால் மாற்றக் கற்றுக்கொடுத்து வீட்டுக்கு அனுப்பலாம். ஒரு செவிலியர் பல பத்து நோயாளரைக் கண்காணிக்க முடியும். ஹாங்காங் 1985 முதலே இதே வழியில் போய்க்கொண்டிருந்ததும் தெம்பு கொடுத்தது.

நடைமுறை: மாதம் கால் டன் தண்ணீர்

கொள்கைக் கட்டுரைகள் பெரும்பாலும் தொடாத பகுதி இது. என் பார்வையில் இங்கேதான் திட்டம் பிழைத்தது.

வயிற்று வழியில் ஒரு நோயாளிக்கு நாளைக்கு நான்கு பை. பை ஒன்றுக்கு 2 லிட்டர் சர்க்கரைக் கரைசல். மாதத்துக்கு 240 லிட்டர், எடையில் ஏறத்தாழ கால் டன். அதை நோயாளி மருத்துவமனையிலிருந்து தூக்கிக்கொண்டு போக முடியாது. அரசு மருந்து நிறுவனம் நாடு முழுமைக்குமாக மொத்தமாகப் பேரம் பேசி வாங்கியது. தாய்லாந்து அஞ்சல் துறை அதை வீட்டு வாசலில் கொண்டுபோய் இறக்கியது. கடிதம் குறைந்துபோன காலத்தில் தபால்காரர் கரைசல் பெட்டியோடு வயல்வரப்பு ஓரமாக வருவது, எந்தப் பொருளாதார மாதிரியிலும் முன்கூட்டி எழுதப்பட்டிருக்காது.

வயிற்று வழியைக் கற்றுக்கொடுக்கும் செவிலியர்களை மாகாண மருத்துவமனைகளில் பயிற்றுவித்தார்கள். குழாய் பொருத்தும் அறுவையை நகரத்துக்கு வெளியேயும் செய்யப் பழக்கினார்கள். கிராமச் சுகாதாரத் தொண்டர்களின் வலைப்பின்னல் அங்கே ஏற்கெனவே வலுவாக இருந்தது, அதுவும் கைகொடுத்தது. தொடக்கத்தில் மிகச் சிலரே இருந்த வயிற்று வழி நோயாளரின் எண்ணிக்கை பத்தாண்டுக்குள் 20,000-ஐத் தாண்டியது. சிறுநீரக மாற்று அறுவையும் திட்டத்தில் சேர்ந்தது. ஆனால் உறுப்புக் கொடை குறைவாக இருந்ததால் அது பெரும்பாலோருக்கு எட்டவில்லை.

நம் ஊரோடு ஒப்பிடாமல் இருக்க முடியவில்லை. தமிழ்நாட்டில் முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டம் டயாலிசிஸுக்குப் பணம் கொடுக்கிறது. ஆனால் டயாலிசிஸ் என்றாலே நம் மனத்தில் எழுவது இயந்திரம், நாலு மணி நேரம், கையில் ஃபிஸ்டுலா (இரத்தம் எடுக்க வசதியாகத் தமனியையும் சிரையையும் அறுவையால் இணைத்த இடம்). 2016-ல் தொடங்கிய இந்தியாவின் தேசிய டயாலிசிஸ் திட்டமும் இரத்த வழியோடுதான் புறப்பட்டது. வயிற்று வழிக்கான வழிகாட்டுதல் 2019-ல்தான் வந்தது. வாரம் மூன்று நாள் கூலியை விட்டுவிட்டு மகன் அப்பாவை அழைத்துவரும் செலவு நம் காப்பீட்டு ரசீதில் எங்கேயும் ஏறுவதில்லை.

பலனும் பாடும்

பலன் தெளிவு. முன்பு வீட்டுக்கு அனுப்பப்பட்டவர்கள் உயிரோடு இருந்தார்கள். நிலத்தை விற்க வேண்டிய கட்டாயம் குறைந்தது. திட்டமும் திவாலாகவில்லை.

பாடும் இருந்தது. பை மாற்றும்போது கை சுத்தம் தவறினால் வயிற்று உறையில் கிருமி சேரும். வெளியே வரும் திரவம் கலங்கும். நீரிழிவில் கண்பார்வை மங்கியவர், கை நடுங்கும் முதியவர் தாமாக மாற்ற முடியாது. வீட்டில் ஒருவர் நாளைக்கு நான்கு முறை அருகில் இருக்க வேண்டும். அந்த ஒருவர் பெரும்பாலும் மனைவி, மகள், மருமகள். இரத்த வழியில் செவிலியர் சம்பளத்துக்குச் செய்யும் வேலை இங்கே வீட்டில் சம்பளமில்லாமல் நடக்கிறது. அரசின் செலவு குறைந்ததில் ஒரு பங்கு இப்படி வீட்டுக்குள் இடம் மாறியதுதான். சமூகப் பார்வையில் செய்த ஆய்வு இதைக் கணக்கில் எடுக்க முயன்றது. பட்ஜெட் தாளில் இதற்கு வரியே இல்லை.

பழைய கேள்வியும் வேறு உருவில் திரும்பி வந்தது. அரசு ஊழியர் இரத்த வழியைத் தாமே தேர்ந்தெடுத்தார். 30 பாட் திட்டத்து விவசாயிக்கு அந்தத் தேர்வு இல்லை. 2007-ல் வாசலுக்குள் விடுவதில் சமத்துவம் கேட்டவர்கள், இப்போது உள்ளே வந்தபின் எந்த அறையில் உட்காருவது என்பதிலும் சமத்துவம் கேட்டார்கள். கேட்டது தவறில்லை.

2022: கதவைத் திறந்தபோது

2022 பிப்ரவரி 1 முதல் விதி மாறியது. 30 பாட் திட்டத்தார் மருத்துவரோடு பேசி இரண்டில் எதையும் கட்டணமின்றித் தேர்ந்தெடுக்கலாம். நோயாளரின் உரிமை என்ற சொல்லோடு அறிவிப்பு வந்தது, வரவேற்பும் கிடைத்தது.

புதிய நோயாளர்கள் பெருமளவில் இரத்த வழிக்குத் திரும்பினார்கள். தனியார் நிலையங்கள் வேகமாகப் பெருகின. செலவு ஏறும் என்பது எதிர்பார்த்ததுதான். எதிர்பார்த்த அளவுக்குப் பேசப்படாதது இரத்தக் குழாய் வாசல். இரத்த டயாலிசிஸுக்குக் கையில் ஃபிஸ்டுலா போட்டு, அது முதிர வாரக்கணக்கில் காத்திருக்க வேண்டும். அதைப் போடும் அறுவை மருத்துவர்கள் எண்ணிக்கை ஒரே ஆண்டில் பெருகாது. ஃபிஸ்டுலா இல்லாதவருக்குக் கழுத்து நாளத்தில் தற்காலிகக் குழாய் போட்டுத் தொடங்குவார்கள். இரத்தத்தில் கிருமி சேர அது நேர்வழி. புதிதாக இரத்த வழியில் தொடங்கியவர்களிடையே முதல் சில மாதங்களில் இறப்பு கூடியிருந்ததை ஆய்வாளர்கள் காட்டினார்கள்.

இங்கே ஒரு நிதானம் வேண்டும். கதவு அகலமானதும் முன்பு டயாலிசிஸே தொடங்கியிராத மிக முதிய, மிக நலிந்த சிலரும் உள்ளே வந்திருக்கலாம். அவர்களுடைய இறப்பை முழுக்க இரத்த வழியின் தலையில் கட்டுவது சரியாகாது. இரு வழிகளிலும் சேர்பவர்கள் ஒரே மாதிரியானவர்கள் அல்ல என்பது டயாலிசிஸ் ஒப்பீடுகள் எல்லாவற்றிலும் இருக்கும் சிக்கல். அதைக் கழித்தாலும், ஆள்பலம் தயாராகும் முன் உரிமை வந்துவிட்டது என்ற முடிவை என்னால் தவிர்க்க முடியவில்லை.

2025 ஏப்ரல் 1 முதல் தாய்லாந்து மறுபடி வயிற்று வழிக்கே முதலிடம் கொடுத்தது. புதிதாகச் சேர்பவருக்கு மட்டுமே இந்த விதி. ஏற்கெனவே இரத்த வழியில் இருந்தவர்கள் அப்படியே தொடரலாம். இரவில் தூங்கும்போது தானாகப் பை மாற்றும் இயந்திரம் இப்போது கூடுதல் பேருக்குக் கிடைக்கிறது. பகலில் வேலைக்குப் போகிறவருக்கு அது பெரிய ஆறுதல்.

மறுபடி செய்தால் என்ன மாற வேண்டும்

2007-ல் ‘தேறவில்லை’ என்ற விடையை யாரும் மறைக்கவில்லை, திருத்தவுமில்லை. அரசு அதை முன்னால் வைத்துக்கொண்டே, வேறு காரணங்களுக்காக மீறியது. மீறியதன் விலை தெரிந்திருந்ததால்தான் மலிவான பாதையில் கறாராக நிற்க முடிந்தது. இதை நான் மாற்றமாட்டேன். குவாலி வரம்பைக் கல்வெட்டாக்கும் அரசுகளைவிட, வரம்பை மீறும்போது ஏன் மீறுகிறோம் என்று எழுதிவைக்கும் அரசு மேல்.

2022-ன் விருப்பத் தேர்வை ஒரேயடியாக நாடு முழுவதும் திறந்திருக்க வேண்டியதில்லை. 30 பாட் திட்டமே 2001 ஏப்ரலில் ஆறு மாகாணங்களில் தொடங்கித்தான் நாடெங்கும் பரவியது. ஃபிஸ்டுலா அறுவைக்கு ஆள் இருக்கும் மாகாணங்களில் முதலில் திறந்து, கழுத்துக் குழாயோடு தொடங்குவோர் எத்தனை பேர், முதல் 90 நாளில் இறப்பு எவ்வளவு என்று பார்த்துக்கொண்டே விரித்திருக்கலாம்.

வயிற்று வழிக்கு ‘முடியாதவர்’ யார் என்ற பட்டியலில் உடல் காரணங்களோடு வீட்டுக் காரணமும் சேர வேண்டும். பை மாற்ற ஆளில்லாத தனித்த முதியவருக்கு வயிற்றில் கோளாறு ஏதும் இல்லாதிருக்கலாம். அவருக்கும் அது முடியாத வழிதான். வீட்டில் பார்த்துக்கொள்பவருக்கு மாதம் ஒரு தொகை கொடுத்தால் இரத்த வழியைவிடக் கூடுதலாகிவிடுமா என்று முதலிலேயே கணக்குப் போட்டிருக்க வேண்டும்.

கடைசியாக, இந்தக் கதை முழுதும் ஆற்றின் கடைமடையிலேயே நடக்கிறது. சிறுநீரகத்தைக் கெடுப்பதில் முதன்மையானவை நீரிழிவும் இரத்த அழுத்தமும். நாடு தழுவிய ஓர் ஆய்வில், தாய்லாந்து மக்கள் நாளொன்றுக்குச் சராசரியாக 3,636 மில்லிகிராம் சோடியம் உண்பது தெரிந்தது. உலகச் சுகாதார நிறுவனம் சொல்லும் அளவு 2,000. மேசை மேல் இருக்கும் மீன் சாற்றுக் குப்பியும் உடனடி நூடுல்ஸ் பொட்டலமும் இதில் அடக்கம். உப்பைக் குறைக்கும் தேசியத் திட்டம் 2016-ல்தான் வந்தது, அதாவது டயாலிசிஸ் முடிவுக்கு ஒன்பது ஆண்டுகளுக்குப் பிறகு. 2007-ன் அட்டவணையில் மூன்று வழிகளை ஒப்பிட்டபோது நான்காவது வரியாக இதையும் சேர்த்திருக்கலாம்.